நாலு கார் நிற்கும் வாசல்

அறுபது பஸ் நிற்பதற்காகக் கட்டிய டெப்போவில் எண்பத்தேழு பஸ்ஸைக் கொண்டுவந்து அடைத்து, அடைத்த பிறகும் நடுவில் இடம் மிச்சமாகி, அந்த மிச்ச இடத்தில் வலை கட்டி வாலிபால் ஆடியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் ரிவர்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று பென்ஷன் தாளில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

டெப்போவுக்குத் திரும்பி வருகிற பஸ்களை வாங்கி வரிசையாக நிறுத்துவது அவர் வேலை. முப்பத்திநாலு வருடத்தில் ஒரு பயணியை ஏற்றியதில்லை, ஓர் ஊருக்கும் போனதில்லை. ஒரே காம்பவுண்டுக்குள், பெரும்பாலும் பின்னோக்கித்தான் ஓட்டம். அவர் ரிவர்ஸ் கியரில் போன தூரத்தை நூலாகப் பிடித்தால் நிலாவில் கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மிச்ச நூலில் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம். எள் போட்டால் எள் விழாத இடத்தில் பஸ்ஸைப் போட்டவர்.

இதையெல்லாம் தெருவே நம்பியது. அவர் வீட்டுக்கு எதிரில் பேக்கரி வைத்திருந்தவர் தன் கடைக்கு வருகிறவர்களிடம் பன்னோடு சேர்த்து இந்தக் கதையையும் கொடுத்தனுப்புவார். நம்பாத ஜீவன் ஒன்றே ஒன்று. அதுவும் ரிவர்ஸின் வீட்டிலேயே, அவருக்கே டீ போட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தது.

அவர் மனைவி அதே டெப்போவில் டைம் ஆபீஸ் கிளார்க். எந்த பஸ் எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டியது என்று நோட்டில் எழுதும் வேலை. ஐந்து இருபதுக்குப் போகவேண்டியது ஐந்து இருபத்தொன்றுக்குப் போனால், ஓட்டுகிறவர் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், இருபத்தொன்று என்றுதான் எழுதுவாள். அதனால் ஊருக்கு அவள் நிமிஷம்மா. அவர் ராத்திரி ட்யூட்டி முடிந்து படி இறங்கும்போது அவள் பகல் ட்யூட்டிக்குப் படி ஏறுவாள். பாதிக் கல்யாண வாழ்க்கை அந்தப் படியிலேயே நடந்தது.

“பந்து யாரோடது?” என்று கேட்பாள்.

“ஒரு கண்டக்டரோடது.”

“வலை?”

“கேன்டீனுக்கு வெங்காயம் கட்டி வந்துச்சே, அந்த வலை.”

“எண்பத்தேழு பஸ்ஸுக்கு நடுவுல, ஒரு கண்ணாடி கூடவா உடையல?”

ரிவர்ஸ் ஒரு வாய் டீ குடிப்பார். “நாங்க மெதுவா ஆடினோம்.”

இப்படியே காலம் போயிருக்கும். மகள் வந்தாள்.

மகளுக்கு முப்பத்தாறு வயது. முடி வெட்டுவது தொழில். பதினாறு வருடம் பெரிய பெரிய ஊர்களில், கண்ணாடிச் சுவர் போட்ட கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்றதும் இரண்டு வார லீவில் வந்தாள். இரண்டு வாரம் ஐந்து மாதம் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் நலம் விசாரிக்க வந்தார்கள், பிறகு முடி வெட்டிக்கொள்ள வந்தார்கள், கடைசியில் நலம் விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி வைத்தால் அதுவே கடை.

இன்னொரு பக்கம் விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் ஒரு கடைக்காரி இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். மகள் போய்விட்டால் இனி வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் லீவு கிடைத்தால். நிமிஷம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலையில் மூன்று முட்டை வேகவைக்கும்போது கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மூன்றாவது முட்டையை எடுத்தது.

கடைக்கு அனுமதி கேட்டு நகர அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். அளவெடுக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, பெரிய டேப்பு. வாசலை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தார்.

“ஐயா, குடியிருக்கிற வீட்டைக் கடையா மாத்தினா, வர்றவங்க வண்டி தெருவுல நிக்கக் கூடாது. உங்க காம்பவுண்டுக்குள்ளயே நிக்கணும். உங்க கடைக்கு நாலு கார்.”

“நாற்காலியே ரெண்டுதான் தம்பி,” என்றார் ரிவர்ஸ்.

“வெட்டிக்கிறவங்க ரெண்டு, காத்திருக்கிறவங்க ரெண்டு.”

“காத்திருக்கிறவங்க இந்தத் தெருக்காரங்க. நடந்து வருவாங்க.”

“நடந்து வர்றவங்களுக்கும் ஒரு கார் நிறுத்த இடம் விடணும். அதான் விதி.”

“அப்ப கார்ல வர்றவங்க நடக்கறதுக்கு எடம் விட்டிருக்காங்களா விதியில?”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. வேலையில் இருந்ததால் அதை டேப்போடு சேர்த்துச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார். “நாலு கார் நின்னு, நடுவுல வண்டி போய்வர வழியும் விடணும்னா எட்டு மீட்டர் அகலம் வேணும். உங்களுக்கு அஞ்சு மீட்டர் அறுபது. நீளம் தாராளமா இருக்கு, அகலம் இல்ல.”

மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கத்தரிக்கோல்.

“வேற வழியே இல்லையா?” என்று நிமிஷம்மா கேட்டாள்.

“ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, நானும் படிச்சதோட சரி.” இன்ஸ்பெக்டர் பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். “வண்டி நிறுத்தி எடுக்கத் தெரிஞ்ச ஆள், அனுபவம் உள்ளவர், கடை தொறந்திருக்கிற நேரம் பூரா வாசல்லயே இருந்தா அகலத்தைக் கொறைக்கலாம். ஆனா ஒரு சோதனை. நாலு வண்டி நிக்கும்போது நான் எதைக் காட்டுறேனோ அதை மூணு நிமிஷத்துக்குள்ள தெருவுக்குக் கொண்டு வரணும். மத்த மூணும் அசையக் கூடாது. எதுவும் எதையும் உரசக் கூடாது.”

நிமிஷம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாக அந்த முகத்தில் வராத வெளிச்சம் அன்று வந்தது. அவர் எழுந்து நின்ற வேகத்தில், ஆபரேஷன் செய்துகொண்ட முழங்கால் யாருடையது என்று அவருக்கே மறந்திருக்கும்.

“நாலு காரா?” என்றார். “தம்பி, நாலு காரை நான் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத் தூங்குவேன்.”

“ஆரம்பிச்சாச்சு,” என்றாள் நிமிஷம்மா.

திங்கட்கிழமை சோதனை. பேக்கரிக்காரர் தன் வண்டியைக் கொடுத்தார், பல் டாக்டர் தன் நீள வண்டியைக் கொடுத்தார், இன்னும் இரண்டு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தன. ரிவர்ஸ் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனார். இடப்பக்கச் சுவரோரம் இரண்டு, வலப்பக்கச் சுவரோரம் இரண்டு, நடுவில் ஒரு வழி. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல்தான். பல் டாக்டரின் வண்டி கடைசியாக, வீட்டுச் சுவரை மோந்துகொண்டு உள் மூலையில் போய் நின்றபோது தெருவில் நின்றவர்கள் மூச்சை விட்டார்கள். அந்தக் காற்றில் பேக்கரியின் பெயர்ப்பலகை ஆடியது.

“பிரமாதம் ஐயா,” என்றார் இன்ஸ்பெக்டர் மனதாரவே. “எறங்கி வாங்க.”

ரிவர்ஸ் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நாலு விரலில் சுவர்.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நாலு வண்டியிலுமே ஸ்டீயரிங் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. மற்ற மூன்றிலும் அவர் சீட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கியதை வேடிக்கையில் யாரும் கவனிக்கவில்லை. டெப்போவில் அதுதான் பழக்கம். பஸ்ஸில் ஓட்டுகிறவன் இறங்கும் வழி மறுபக்கம். அதனால் ஓட்டுகிறவன் தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு அளந்துகொண்டே போவான். கண்ணாடி பொய் சொல்லும், கை பொய் சொல்லாது என்பது ரிவர்ஸ் வாக்கு. முப்பத்திநாலு வருடம் கை போன பக்கம்தான் வண்டியும் போயிருக்கிறது.

நாலாவது வண்டியில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கியர் கம்பியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் போனது, மற்ற கால் வரவில்லை. எழுபதை நெருங்குகிற மனிதர் இரண்டு சீட்டுக்கு நடுவே கியரின் மேல் குதிரைச் சவாரி போல உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மகள் இந்தப் பக்கக் கதவு வழியாக அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள்.

“கதவைத் தொறந்து எறங்க முடியாத எடத்தை நிறுத்துமிடம்னு எழுத முடியாதுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கே அது பிடிக்கவில்லை. “திருப்பி நிறுத்துங்க. ஸ்டீயரிங் பக்கம் நடுவழியைப் பாக்கணும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வர்றேன். அதுலயும் ஆகலன்னா நிராகரிச்சுட்டாங்கன்னு வச்சுக்குங்க.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சூப்பும் ரொட்டியும் இருந்தன, பெருமை மட்டும் இல்லை. ரிவர்ஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து சூப்பில் போட்டுவிட்டு, போட்டதை எடுத்துச் சாப்பிட மறந்தார்.

“என்னங்க, உப்பு போதுமா?”

“ம்.”

“டெப்போ கேன்டீன்ல ஒரு தடவை ஒரே மூச்சுல இருபத்திரண்டு கிண்ணம் சூப் குடிச்சேன்னு சொல்வீங்களே.”

“பதினாலு,” என்றார்.

நிமிஷம்மா திடுக்கிட்டுப் போனாள். அவர் தானாகவே ஒரு எண்ணைக் குறைத்தது அதுதான் முதல் தடவை.

“திருப்பி நிறுத்த முடியாதாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“நிறுத்தலாம். சுவர் அந்தப் பக்கம் போயிடும். நான் இந்தப் பக்கம் உக்காந்திருப்பேன். கை எட்டாது.” தன் உள்ளங்கையைப் பார்த்தார். “நாலு விரலைக் கண்ணால அளக்க முடியாதும்மா. ஒரு தடவை முடியலாம். தினம் முடியாது. அடுத்தவங்க வண்டி.”

மறுநாள் காலை மகள் அம்மாவைப் பின்கட்டில் உட்காரவைத்து முடி வெட்டினாள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. கொடியில் துணி காயாமல் கனத்துத் தொங்கியது. சீப்பும் கத்தரியும் மாறி மாறிப் பேசின.

“அங்க பதில் எழுதிடட்டுமா?” என்றாள் மகள்.

“என்னன்னு?”

“வர்றேன்னு.”

தலையை ஆட்டினால் முடி கோணலாகிவிடும் என்று நிமிஷம்மா ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா சொல்றதுல ஒண்ணு கூட நெஜம் இல்லையாம்மா? சின்னப் பிள்ளையில இருந்து கேக்கறேன். நீ எதையுமே ஒத்துக்கிட்டதில்ல.”

“ஒரு ஆள் இருந்தான்,” என்றாள் நிமிஷம்மா. “வண்டி பின்னால வரும்போது பின்பக்கம் நின்னு தட்டுவான். ஒரு தட்டு தட்டினா வா. ரெண்டு தட்டினா நில்லு. நல்ல பையன். கல்யாணத்துக்கு நாங்க போயிருந்தோம். ஒரு நாள் அப்பா லீவு. வேற ஒருத்தர் ஓட்டினார். ரெண்டு தட்டு கேக்கலை.”

கத்தரி நின்றது.

“சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல. நான் காலைல போறேன், தரையைக் கழுவி விட்டுட்டு இருக்காங்க. அதுக்கப்புறம் அப்பா ஒருத்தனையும் பின்னால நிக்க விடல. நான் கையாலயே பாத்துக்கறேன்னுட்டார். அப்பத்தான் இந்தக் கதையெல்லாம் ஆரம்பிச்சுது. வாலிபால் ஆடினேன், கண்ணை மூடிக்கிட்டு நிறுத்தினேன், ஒத்தைக் கையில நிறுத்தினேன்னு.” அவள் மடியில் விழுந்த நரைமுடியைத் தட்டிவிட்டாள். “நாலு விரல் எடைவெளியில நெஜமாவே இந்த மனுஷன் ராத்திரி பூரா போய்வந்துட்டு இருக்காருன்னு நம்பினா எனக்குத் தூக்கம் வருமா? உன்னை ஒரு கையில அணைச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். எல்லாம் பொய்யின்னு வச்சுக்கிட்டேன். சிரிச்சிட்டுத் தூங்கினேன்.”

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாமலா ஒவ்வொரு ராத்திரியும் புதுசா ஒரு பொய் சொல்லிட்டுப் போனார்?”

வெட்டி முடித்ததும் நிமிஷம்மா கண்ணாடிகூடப் பார்க்கவில்லை. கழுத்தில் ஒட்டிய முடியோடு நேரே வாசலுக்குப் போனாள். ரிவர்ஸ் வாசல்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசாமல் இருக்கிற மாமியாரைப் பார்ப்பதுபோல.

“கை எட்டலன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அந்தப் பக்கம் நான் உக்காந்துக்கறேன். எனக்கும் கை இருக்கு.”

“வேணாம்.”

“ஏன்?”

“அந்தப் பக்கம் யாரும் வேணாம்.” சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “உனக்குத் தெரியும்.”

“நான் வெளிய நின்னு தட்டப் போறதில்லங்க. உள்ள, உங்க பக்கத்துல உக்காந்திருக்கப் போறேன். மோதினா ரெண்டு பேரும் சேந்துதான் மோதுவோம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “முடி வெட்டினியா? பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மாதிரி இருக்க.”

“அப்ப எனக்கு இடுப்பு வரைக்கும் பின்னல்.”

“அது எனக்குப் பின்பக்கம். நான் முன்னால இருந்து பாத்தேன்.”

அன்று மத்தியானமே பேக்கரிக்காரரின் வண்டியை வாங்கிப் பழகினார்கள். பல் டாக்டர் சிகிச்சைக்கு வந்தவர்களை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்ததாகத் தெருவில் பேச்சு. நிமிஷம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

“நாலு விரல். நாலு. மூணேமுக்கா.”

“முக்கா விரல்னு ஒரு அளவு உண்டாடி?”

“என் விரல்ல உண்டு. மூணரை. மூணேகால். மூணு. நிறுத்துங்க.”

“இன்னும் ஒரு விரல் வரலாம்.”

“மூணுன்னா நிறுத்தணும்னு நீங்கதான் சொன்னீங்க. மூணுக்கு வந்தாச்சு. வரலாம்கிறதெல்லாம் என் நோட்டுல கெடையாது.”

முதல் நாள் ஐந்து நிமிடம் ஆனது, நடுவில் ஒரு சண்டை. இரண்டாம் நாள் நாலு நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் சண்டை. வியாழக்கிழமை சண்டை போட நேரம் கிடைக்கவில்லை. மூன்று நிமிடம் நாலு வினாடி.

“மூணுன்னு சொல்லேன்,” என்றார் ரிவர்ஸ்.

“மூணு நிமிஷம் நாலு செகண்ட்.”

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது, மேலே யாரோ தொட்டியைக் கழுவிக் கவிழ்த்ததுபோல. இன்ஸ்பெக்டர் குடையோடு வந்தார். நாலு வண்டியும் திருப்பி நிறுத்தப்பட்டு, ஸ்டீயரிங் பக்கம் நடுவழியைப் பார்த்து நின்றன. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, தனக்கே மனமில்லாதவர்போல, உள் மூலையில் நின்ற பல் டாக்டரின் நீள வண்டியைக் காட்டினார்.

மகள் வாசல் கதவருகே நனைந்துகொண்டு நின்றாள். எழுதி முடித்த பதில் அவள் போனில் இருந்தது. அனுப்ப ஒரு விரல் போதும்.

இன்ஸ்பெக்டர் கையை இறக்கினார்.

சுவர் ஈரத்தில் பாசி பிடித்து வழுவழுத்தது. நிமிஷம்மாவின் உள்ளங்கை அதில் வழுக்கியது. அளவு பிடிபடவில்லை. பிறகு உள்ளங்கையை விட்டுவிட்டு விரல் நுனிகளை மட்டும் வைத்தாள். “நாலு,” என்றாள். வண்டி முன்னால் ஒரு முழம் போனது. “நாலரை. அஞ்சு. சுவரை விட்டாச்சு.” பின்னால் அரை முழம். முன்னால் ஒரு முழம். நண்டு நகர்வதுபோல வண்டி பக்கவாட்டில் நடுவழிக்கு நகர்ந்தது. ரிவர்ஸின் கைகள் ஸ்டீயரிங்கில் மாவு பிசைவதுபோல ஓடின. அவர் எங்கேயும் பார்க்கவில்லை. அவள் சொல்வதை மட்டும் கேட்டார். அந்தக் கைகளை வேலை செய்யும்போது அந்த வாரத்துக்கு முன்னால் அவள் பார்த்ததே இல்லை.

இனி வாசல் பக்கம் நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழையவேண்டும். பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். அவர் பக்கம் அவர் கையை நீட்டினார், அவள் பக்கம் அவள் நீட்டினாள். இரண்டு பக்கமும் சிறகு முளைத்ததுபோல அந்த நீள வண்டி மழைக்குள் போனது.

“எனக்கு நாலு.”

“எனக்கும் நாலு.”

“மூணரை.”

“அப்ப எனக்கு நாலரை. இந்தப் பக்கத்துல இருந்து அரை விரல் தர்றேன், வாங்கிக்க.”

“நாலு.”

“நாலு.”

முன் சக்கரம் தெருவைத் தொட்டது, பின் சக்கரமும் தொட்டது. பேக்கரிக்காரர் மழைக்குத் தலையில் வைத்திருந்த தட்டைத் தூக்கி எறிந்தார் என்றும் அது இன்னும் கீழே வரவில்லை என்றும் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் குடையை மறந்து, மழையில் நின்று நாலு வண்டியையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“ரெண்டு நிமிஷம் நாப்பத்தொண்ணு,” என்றார்.

நிமிஷம்மா கையை உள்ளே இழுத்தாள். விரல்களெல்லாம் பச்சைப் பாசி. ரிவர்ஸ் தன் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.

அத்தோடு முடியவில்லை. அலுவலகத்தில் பெரிய அதிகாரி ஒரு பெண்மணி. ஃபைலைத் திருப்பி அனுப்பாமல் ஆட்களையே வரச் சொன்னார். மாதக் கடைசிக்கு ஒரு நாள்தான் பாக்கி. மூன்று பேரும் போனார்கள். அறையில் ஃபைல்கள் அடுக்கிய அடுக்கைப் பார்த்து ரிவர்ஸ், “இன்னும் நாப்பது ஃபைல் நிறுத்தலாம்,” என்று முணுமுணுத்தார். மகள் அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

“சோதனை சரி,” என்றார் அதிகாரி. “எங்க இன்ஸ்பெக்டர் பொய் எழுதமாட்டார். ஆனா ஒரு நாள் செஞ்சதுக்கும் தினம் செய்யறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அதுக்குத்தான் அனுபவம்னு ஒரு கட்டம். இதுல என்ன எழுதியிருக்கீங்க? ‘முப்பத்திநாலு வருடம். அறுபது இடத்தில் எண்பத்தேழு பஸ்.’ இதுக்கு என்ன ஆதாரம்?”

“டெப்போவையே இடிச்சுட்டாங்களே மேடம்.”

“காகிதம்?”

“அதோட போச்சு.”

“சாட்சி?”

“தெருவே சொல்லும்.”

“தெரு நீங்க சொல்லிக் கேட்டது. நான் கேக்கறது, நீங்க சொல்லாம தெரிஞ்சவங்க.” அதிகாரி நிமிஷம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க டைம் ஆபீஸ்ல இருந்தீங்கதானே? எனக்கு ஞாபகம் இருக்கு. காலேஜுக்குப் போக அஞ்சு இருபது வண்டி. பதினொரு தடவை விட்டிருக்கேன். ஒரு தடவை அரை நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாதுன்னுட்டீங்க.”

“நேரம் ஆயிடுச்சும்மா அப்ப,” என்றாள் நிமிஷம்மா.

“தெரியும். நீங்க சொல்லுங்க.”

ரிவர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். “அவ மட்டும் நம்பமாட்டா மேடம்,” என்றார் மெதுவாக. “நம்பினதே இல்ல.”

“அதனாலதான் அவங்களைக் கேக்கறேன்.”

நிமிஷம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்தாள்.

“நான் பாக்கல,” என்றாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவருக்கு ராத்திரி, எனக்குப் பகல். அவர் நிறுத்தினதை ஒரு நாள் கூட நான் கண்ணால பாக்கல. ஆனா காலைல போனதும் எண்ணுவேன். எண்ணாம நோட்டுல எழுத முடியாது. தரையில கோடு போட்டிருக்கறது அறுபது. நிக்கறது எண்பத்தேழு. அஞ்சு இருபது வண்டி எந்த மூலையில இருந்தாலும் சரி, அஞ்சு இருபதுக்கு கேட்டைத் தாண்டும். அடுத்தது அஞ்சு முப்பத்தஞ்சு. அதுவும் தாண்டும். இருபத்தொம்பது வருஷம் நான் எழுதினேன். உள்ள இருந்து எடுக்க முடியாம ஒரு வண்டி ஒரு நிமிஷம் நின்னுச்சுன்னு நான் எழுதினதே இல்ல. நின்னிருந்தா எழுதியிருப்பேன். கட்டின புருஷன்னு பாத்திருக்கமாட்டேன்.”

அதிகாரி பேனாவைத் திறந்து கட்டத்தில் ஏதோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார். “அஞ்சு இருபதை நான் பதினொரு தடவை விட்டேனே தவிர, அது ஒரு தடவை கூட என்னைக் காக்க வச்சதில்ல,” என்றார். தாளை மகளிடம் நீட்டினார்.

மகள் வராந்தாவுக்குப் போய், போனில் எழுதி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டுப் புதிதாக ஒரே வரி எழுதினாள். அம்மாவுக்கு வெட்டின முடி நல்லா இருக்கா என்று அப்பாவிடம் ஓடி வந்து கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, சம்பந்தமே இல்லாமல்.

அலுவலகத்துக்குப் பன்னிரண்டு படி. முழங்காலுக்காக ரிவர்ஸ் ஒவ்வொன்றாக இறங்கினார். நிமிஷம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் அவர் நின்றுவிட்டார்.

“கையெழுத்துக்காகத்தானே அப்படிச் சொன்ன?”

“யாருக்காகவாவது ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ கொறச்சோ நான் சொல்லியிருக்கேனா?”

“இத்தனை வருஷமா பொய்யின்னியே.”

“நீங்க பத்திரமா வீட்டுக்கு வர்ற வரைக்கும் பொய்யின்னு வச்சிருந்தேன். இப்பத்தான் வந்துட்டீங்களே.” அவள் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு அடுத்த படியைக் காட்டினாள். “நடந்துச்சுங்க. எண்பத்தேழும் நின்னுச்சு. எறங்குங்க.”